வேலியோர நாயுருவி

காட்டை வெட்டி ஊர் ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது, கேளுங்கள். அந்த ஊரில் சேந்தன் என்று ஓர் உழவன் இருந்தான். நல்ல உழைப்பாளி. ஆனால் தன் வீட்டுச் சோற்றையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

அவன் மகள் வெண்ணியைப் பக்கத்துக் கொல்லைக்காரன் பதுமனின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். தை பிறந்தால் கல்யாணம்.

அந்த வருஷம் சேந்தனின் எள்ளுக் கொல்லையில் ஓர் எருக்கங்கன்று முளைத்தது.

"பதுமன் வேலைதான்" என்றான் சேந்தன்.

அவன் மனைவி நக்கை சிரித்தாள். "எருக்கம்பஞ்சு பறந்து வந்ததை நானே பார்த்தேன். காற்றுமேலும் வழக்குப் போடுவீரோ?"

"காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? அவன் பக்கமிருந்துதானே!"

அடுத்து ஒரு வேப்பங்கன்று முளைத்தது. காக்கை பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டது என்றாள் நக்கை.

"அந்தக் காக்கைக்குத் தினமும் சோறு வைக்கிறவன் யார்?"

நக்கையும்தான் வைத்தாள். ஆனால் அதை அவள் சொல்லவில்லை.

அன்றுமுதல் பொழுது சாய்ந்தால் போதும், சேந்தன் பதுமனின் வேலியோரப் புதருக்குள் போய்க் குந்திக்கொள்வான். பதுமன் மாட்டை அவிழ்த்தான், பார்த்தான். பதுமன் மண்வெட்டியைக் கழுவினான், பார்த்தான். பதுமன் சும்மா நின்று வானத்தைப் பார்த்தான். அதுதான் சேந்தனுக்குப் பெரிய சந்தேகம். சும்மா எவனாவது நிற்பானா?

பிறகு தன் எள்ளுக் கொல்லை வழியே நடந்து வீடு திரும்புவான்.

மழை பெய்தது. எள்ளுக்கு நடுவே நாயுருவி முளைத்தது, கோடு கிழித்தாற்போல.

சேந்தன் ஊர்த்தலைவனிடம் ஓடினான். "ஐயா, நாயுருவி காற்றில் பறக்காது. காக்கையும் அதைத் தின்னாது. இது மனுஷன் கொண்டுவந்த விதை. கொண்டுவந்தவன் ஊரைவிட்டுப் போகவேண்டும். அந்தப் பதுமன் வீட்டுக்கு என் பெண்ணும் கிடையாது!"

"கொண்டுவந்தவன் போகட்டும்" என்றான் தலைவன். ஊரோடு கொல்லைக்கு வந்தான். குனிந்து பார்த்தான்.

"கையால் வீசின விதை சிதறி விழுமே. இது நடந்து போன தடம்போல வரிசையாகப் போகிறதே, சேந்தா?"

வரிசையின் ஒரு முனை பதுமனின் வேலியில் இருந்தது. "பார்த்தீர்களா!" என்று குதித்தான் சேந்தன். அங்கே புதருக்குள், ஓர் ஆள் குந்துமளவுக்கு நாயுருவிச் செடிகள் நசுங்கிக் கிடந்தன.

மறுமுனையைத் தேடிப் போனார்கள். அது சேந்தனின் வாசற்படியில் முடிந்தது.

தலைவன் சேந்தனின் வேட்டிக் கரையைத் தூக்கிக் காட்டினான். கரை முழுக்க நாயுருவி விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊர் சிரித்தது. எந்த ஊருக்குப் போவது என்று தெரியாமல் சேந்தன் நின்றான்.

பதுமன்தான் முன்னால் வந்தான். "அவன் போகவேண்டாம் ஐயா. போய்விட்டால் இந்தக் களையை யார் பிடுங்குவது?" மறுபடியும் சிரிப்பு. பிறகு அவன் சேந்தன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "ஆனால் சம்பந்தம் வேண்டாம் சேந்தா. உன் பெண் தங்கம்தான். நாளைக்கு அவள் என் வீட்டில் தடுக்கி விழுந்தால், கல்லை நான் வைத்தேன் என்பாய்."

கதவுக்குப் பின்னால் நின்று வெண்ணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகையால் கேட்டவர்களே, அடுத்தவனைச் சந்தேகித்து ஒளிந்திருந்து பார்ப்பவன், கேட்டைத் தன் வீட்டுக்குத் தானே சுமந்து வருகிறான்.