செல்லக்கிளியின் தட்டு

தெய்வசிகாமணி தலைமையாசிரியரான பிறகு பள்ளி பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியது. மறு வருஷமும் காட்டியது. கல்வி மாவட்டத்தில் எங்கே கூட்டம் நடந்தாலும் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். ஊரும் சும்மா இருக்கவில்லை. தாய்மாமன் சீர் கொண்டுபோவது போல மேளதாளத்தோடு பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுவர முடிவு செய்தது.

இவ்வளவு இருந்தும் மனிதருக்குத் தூக்கம் வரவில்லை.

அவருக்கு ஒரு குரு உண்டு. பெயர் அங்கயற்கண்ணி. வயதில் அவரைவிட இளையவர், பதவியில் முந்தியவர். இதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது இவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கிறார். அங்கே தேர்ச்சி எண்பதைத் தாண்டுவதே பெரும்பாடு. கூட்டங்களில் அவருக்குக் கடைசி வரிசைதான். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சீடர் அவரைத் தேடிப் போனார்.

"எல்லாரும் மெச்சுறாங்க டீச்சர். மனசு மட்டும் அரிச்சுக்கிட்டே இருக்கு. ஏன்னு தெரியல."

"நெசமாவே தெரியலயா சார்?"

சீடர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சீர் என்னைக்கு?" என்று குரு கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம. நீங்க வந்து மேடையில உக்காரணும்."

"மேடை வேணாம். தட்டைத் திருப்பிக் குடுக்குற எடத்துல நிக்கிறேன்."

சீர் வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கிக்கொண்ட வீடு தன் பங்குக்கு ஏதாவது வைத்துத்தான் கொடுக்கும். பள்ளியும் அந்த முறையை விடவில்லை. தட்டுக்கு ஒரு வாழைப்பழம், ஒரு லட்டு. நூறு சதவீதத்துக்கென்று தனியாக ஆள் வைத்துப் பிடித்த லட்டு.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டு வந்தது. முன்னால் மேளம். பின்னால் பீரோ, மின்விசிறி, பெஞ்சுகள். டீக்கடைக்காரர் ஒரு சுவர்க்கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்கள் நோட்டும் பேனாவும் அடுக்கிய தட்டுகளை ஏந்தி வந்தார்கள். பணக்காரர் என்று சொல்ல அதில் ஒருவரும் கிடையாது. பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும்.

சீடர் தட்டுகளை வாங்கி உள்ளே கொடுத்தார். குரு பழமும் லட்டும் வைத்துத் திருப்பினார்.

வரிசையின் கடைசியில் செல்லக்கிளி வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். அவருடைய தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், நடுவில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். மேலே சுற்றிய தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

"எங்க சங்கவிக்கு வாங்கினது சார். பத்தாவதுக்கு வேணும்னு நச்சரிச்சா. சும்மாதான் கெடக்கு. பரிச்ச எழுதுற புள்ளைக்குக் குடுங்க."

தட்டை வாங்கிய சீடரின் கை அப்படியே நின்றது.

"சங்கவி இப்ப எந்த ஸ்கூலும்மா?" என்று குரு கேட்டார்.

"ஸ்கூலுக்கு எங்க போறா? மில்லுக்குப் போறா. ஒம்போதாவது முடிஞ்சதும் சார் கூப்பிட்டு, இவளுக்குப் படிப்பு ஏறல, வேற எடத்துல சேத்துக்கோங்கன்னு டீசியைக் குடுத்துட்டாரு. பக்கத்துல வேற எடம் ஏது? சார் நல்லதுக்குத்தான் சொல்லிருப்பாரு. எப்படியோ நம்ம பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேரு கெடச்சிருச்சு. எனக்கும் சந்தோசந்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் சந்தோஷம் இருந்தது. சீடரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுதாத பிள்ளை தோற்பதில்லை. நூறு அப்படித்தான் வந்தது. சங்கவி ஒருத்தி மட்டுமல்ல. ஆனால் அலுவலக வாசலில் நின்று, "இனிமே நல்லாப் படிக்கிறேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னவள் அவள்தான். இவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தக் குரல்தான் இத்தனை நாளாக அவரைத் தூங்க விடவில்லை.

ஜாமெட்ரி பாக்ஸையும் வெற்றிலை பாக்கு, மஞ்சளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். வெறும் தட்டைக் குருவிடம் நீட்டினார். குரு வாங்கவில்லை.

"இந்தத் தட்டை நீங்களே குடுங்க சார்."

சீடர் வாழைப்பழத்தை எடுத்து வைத்தார். லட்டை எடுத்தார்.

"அது நூறு சதவீதத்துக்குப் பிடிச்சது" என்றார் குரு.

லட்டு கூடைக்கே திரும்பியது. கொஞ்சம் யோசித்து, வாழைப்பழத்தையும் எடுத்துவிட்டார்.

வெளியே மேளக்காரர்கள் வாத்தியங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளிக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டுக்காகக் கையை நீட்டியபடி நின்றார்.

"வெறுந்தட்டாத் தர வேணாம் சார். ஒரு பூ வெச்சாக்கூடப் போதும்."

சீடர் குருவின் பக்கம் திரும்பி, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"நான் என்னதான் வைக்கட்டும் டீச்சர்?"

"அவங்க புள்ளைகிட்டருந்து எடுத்ததை வைங்க."