அம்பலவாணர் மலை ஏறிய கதை

மிளகைப் பொன்னுக்குச் சமமாக நிறுத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் காவிமலையின் அடிவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஏலவனூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் அம்பலவாணர் என்று ஒரு மிளகு வணிகர். சிரிக்கிறவர்கள் எல்லாம் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போகச் சிரிக்க முடியாது, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அம்பலவாணர் குண்டு என்றால் அப்படியொரு குண்டு. குனிந்தால் அவருக்குத் தன் கால் தெரியாது. கடைக்குப் போகப் பல்லக்கு, கோயிலுக்குப் போகப் பல்லக்கு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவும் பல்லக்கு. எட்டு ஆள் தூக்குவார்கள். இறக்கி வைத்ததும் எட்டு ஆளும் தோளைத் தேய்த்துக்கொண்டு அவரைத் திட்டுவார்கள், அவர் காதில் விழாதபடிதான்.

பிறக்கும்போதே அப்படி இல்லை ஐயா. அவர் மனைவி பிள்ளை பெற்ற படுக்கையிலேயே கண்ணை மூடிவிட்டாள். கையில் ஒரு பெண்குழந்தை. தையல்நாயகி என்று பெயர் வைத்தார். தாயும் நானே, தகப்பனும் நானே என்று வளர்த்தார். குழந்தைக்குப் பால்சோறு ஊட்டுவார், அது இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடிவிடும், மீதியைத் தானே சாப்பிடுவார். பெண் வளர வளர அவரும் வளர்ந்தார். அவள் உயரத்தில், இவர் சுற்றளவில்.

தையல் பெரியவளானாள். மலைமேல் இருக்கும் மிளகுக் காட்டுக்காரன் சடையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். நல்ல பிள்ளை, அதிகம் பேசாதவன். கல்யாணம் கீழே ஏலவனூரில் நடந்தது. அழுதுகொண்டே பெண்ணை அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவளை அவர் பார்க்கவே இல்லை. ஏன் என்கிறீர்களா? மலைக்காரர்களின் கட்டுப்பாடு அப்படி. மலைக்கு வாழப் போன பெண்ணை, அப்பன் வந்து அழைத்தாலொழியக் கீழே அனுப்ப மாட்டார்கள்.

உயிரோடு இருக்கிறவன் தன் காலால்தான் காவிமலை ஏற வேண்டும். அரசனே ஆனாலும் பல்லக்கு அடிவாரத்தோடு சரி. அடுத்தவன் தோளில் ஏறி அந்த மலைக்குப் போகக்கூடியது பிணம் ஒன்றுதான். மலையில் சம்பந்தம் செய்தவர் யார் செத்தாலும், அவர் கீழூர்க்காரராகவே இருந்தாலும், மலை உச்சியில் அடக்கம். அதற்கு மட்டும் மலைக்காரர்கள் தோள் கொடுப்பார்கள்.

சித்திரை மாதத்தில் தேன் விற்கும் சீரங்கி மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஐயா, உங்க மக முழுகாம இருக்கா. தலைப்பிரசவத்துக்கு அப்பன்தான் வந்து கைபிடிச்சுக் கூட்டிப்போகணும்கிறது எங்க வழக்கம். மழைக்கு முன்னாடி வாங்கப்பான்னு சொல்லச் சொன்னா."

அம்பலவாணருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த நொடி மலையைத் திரும்பிப் பார்த்தார். மழை பிடித்துக்கொண்டால் மலைப்பாதை அடைந்துவிடும். மேலே நல்ல மருத்துவச்சி கிடையாது. மனைவியைக் கொண்டுபோன அதே பிரசவம் மகளுக்கும் வருகிறது. பெண்ணைக் கீழே கொண்டுவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டாக வேண்டும்.

"நாளைக்கே நடக்கப் போகிறேன்!" என்றார்.

மறுநாள் நடந்தார். வீம்புக்கு ஒரே நாளில் அடிவாரம் வரைக்கும் போகப் பார்த்தார். கடைத்தெரு தாண்டுவதற்குள் மூச்சு இரைத்து, கண் இருட்டி, நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை எழுப்ப ஆள் சேர்ந்தது. சேர்ந்த ஆள் சிரித்தது. அவமானத்தோடு வீட்டுக்கு வந்து படுத்தவர் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பத்து நாளும் துக்கத்துக்கு அதிரசம் தின்றார்.

பிறகு மருந்து தேடினார். ஒரு வைத்தியர் கசப்புக் கஷாயம் கொடுத்தார், பேதிதான் ஆயிற்று. இன்னொருவர் கொள்ளுப்பொடியைத் தேய்த்து உருட்டினார், தோல் சிவந்ததுதான் மிச்சம். மூன்றாமவர் பட்டினி போட்டார். இரண்டாம் நாளே அம்பலவாணர் அடுப்படிக்குள் புகுந்து பானையோடு உட்கார்ந்துவிட்டார்.

ஆனியில் சீரங்கி மறுபடி வந்தாள்.

"அப்பா நடக்க ஆரம்பிச்சுட்டாங்களான்னு கேட்டா ஐயா. தினம் பாறைமேல நின்னு கீழ பார்க்கிறா."

அம்பலவாணர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "இந்த உடம்பைச் சுமந்துகொண்டு நான் எங்கேயம்மா ஏறுவேன்" என்றார். சீரங்கிக்கே பாவமாகிவிட்டது.

"மலையை யாரு ஐயா இன்னைக்கே ஏறச் சொன்னது? இன்னைக்குக் கிணத்தடி வரைக்கும் போங்க. போயிட்டு வந்து உட்காருங்க. நாளைக்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

கிணற்றடி வரைக்கும் போனார். மறுநாளும் கிணற்றடிதான். சில நாள் கழித்துத் தெருமுனை. கால் வலித்தது, முழங்கால் வீங்கியது, தொடை உரசிப் புண்ணானது. புண்ணுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நடந்தார். சிரித்த ஊர் சில நாள் சிரித்தது, அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டது. நெய் குறைந்தது, அதிரசம் நின்றது, இரவில் வெறும் கஞ்சி குடித்து எழுந்துகொண்டார். ஆடி போய் ஆவணி வந்தபோது ஏரிக்கரை வரைக்கும் நடந்தார். கரையில் நின்று குனிந்தார். தன் கால் கட்டைவிரல் தெரிந்தது. பெரிய மனுஷன், வெட்கமில்லாமல் அங்கேயே நின்று அதைப் பார்த்துச் சிரித்தார்.

புரட்டாசியில் பல்லக்கு இல்லாமல் அடிவாரத்துக்கே போய் வந்தார். ஒருநாள் மலையில் கொஞ்சம் ஏறிக்கூடப் பார்த்தார். முதல் சுனை வரைக்கும் போனார். நெஞ்சு அடித்துக்கொண்டது, பயந்து இறங்கிவிட்டார். அந்தப் பயம் இருக்கிறதே, அது உடம்பு இளைத்த அளவுக்கு இளைக்கவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்த நாளிலேயே அது நின்றுகொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் சீரங்கி மூன்றாவது தடவை ஓடி வந்தாள். மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது.

"இனி தாமசம் ஆகாது ஐயா. எட்டாம் மாசம். நேத்து மேல ஒரு பாட்டம் பெஞ்சிட்டுது. நாளைக்கே வந்து மெள்ள நடத்திக் கூட்டி வந்துடுங்க. நீங்க இளைச்சிருக்கிறதைத்தான் கண்ணால பார்க்கிறேனே, உங்களால ஏற முடியும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாக்கூடப் பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்."

சீரங்கி போனதும் அம்பலவாணர் மலையை அண்ணாந்து பார்த்தார். பாதி வழியில் விழுந்துவிட்டால்? மலைக்காரன் எவனும் தூக்க மாட்டானே? மகளுக்கு யார் போவார்கள்? அவருடைய கணக்குப்பிள்ளை வைரவன் பக்கத்தில் நின்றிருந்தான். கெட்டிக்காரன். அவன் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ.

"எதுக்கு எஜமான் இந்த அவஸ்தை? உயிரோட இருக்கிறவனைத்தானே தூக்க மாட்டாங்க? பாடை கட்டுவோம். வெள்ளைத் துணியைப் போர்த்திப் படுத்துக்குங்க. அவங்களே மேல கொண்டுபோய் விட்டுருவாங்க. அவங்க ஊர் எல்லைக்கல்லுகிட்ட எழுந்து உட்கார்ந்தீங்கன்னா, சிரிச்சுட்டு விட்டுருவாங்க."

"அடப்பாவி, பிள்ளைத்தாச்சிப் பெண் பயந்துவிட மாட்டாளா?"

"நான் முன்னால ஓடிப்போய் உங்க மக காதுல போட்டுடறேன் எஜமான். எதுக்குப் பயம்?"

அம்பலவாணர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. சரி என்றுவிட்டார்.

மறுநாள் காலை அடிவாரத்தில் பாடை இறங்கியது. மலைக்காரர்கள் வந்தார்கள். யாரென்று கேட்டார்கள். சடையனின் மாமனார் என்றதும் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பறையை எடுத்தார்கள். பிணம் வருகிறதென்று மேலே சேதி போக வேண்டும், அதற்குத்தான் பறை. வைரவன் முன்னால் ஓடப் போனான். ஒரு கிழவர் கோலை நீட்டித் தடுத்தார்.

"எங்க ஓடறே? பிணத்துக்கு முன்னால யாரும் மலை ஏறக்கூடாது. பின்னால வா."

"இல்லை பெரியவரே, ஒரு சேதி..."

"சேதியைப் பறை சொல்லும்."

துணிக்குள் படுத்திருந்த அம்பலவாணருக்கு இது அத்தனையும் கேட்டது. கேளுங்கள், இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அந்த நொடியில் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கலாம். நான் சாகவில்லை அப்பா, நடந்தே வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏற வேண்டும். கொஞ்ச நேரம்தானே, பயந்தாலும் நம்மைப் பார்த்ததும் சிரித்துவிடுவாள் என்று நினைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு சும்மா படுத்திருந்தார்.

பறை முழங்கியது. பாடை ஏறியது.

மேலே தையல்நாயகி முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பறை கீழேயிருந்து வருகிறது. கீழூரில் சம்பந்தம் செய்த வீடு மலைக்கே ஒன்றுதான், அது அவள் வீடு. யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சடையன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினான். மழையில் நனைந்த பாறை, பாசி பிடித்த பாதை, வயிற்றில் எட்டு மாதம்.

"அப்பா!" என்று ஒரு சத்தம் கேட்டது அம்பலவாணருக்கு. அடுத்தாற்போல், பறை கேட்டு மேலே கூடியிருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

துணியைக் கிழித்துக்கொண்டு பாடையிலிருந்து குதித்தார். தூக்கியவர்கள் அலறி ஓடினார்கள். எல்லைக்கல்லுக்குக் கீழே, சரிவில், மகள் கிடந்தாள். ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். புடவையெல்லாம் ரத்தம். "ஐயோ என் தாயே, நான் சாகலைம்மா, இங்கே பாரும்மா, அப்பாவைப் பாரும்மா" என்று கதறினார்.

தையல் கண்ணைத் திறந்தாள். இளைத்த முகத்தைப் பார்த்தாள். இளைத்த கையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நடந்தே வந்துட்டீங்களாப்பா?"

அவர் என்ன சொல்வார்?

"ஆமாம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் குழந்தை பிறந்தது. பெண்குழந்தை, உயிரோடுதான். தையல்நாயகி போய்விட்டாள்.

மறுநாள் அவளை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். வைரவன் அடிவாரத்திலிருந்தே காணாமல் போயிருந்தான். அம்பலவாணரிடம் யாரும் பேசவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் பாடைக்குப் பின்னால் நடந்தார். கரடுமுரடான ஏற்றம், சில இடத்தில் கையை ஊன்றி ஏற வேண்டும். மழை வேறு தூறியது. தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ள நின்றபோது அவரும் நின்றார், அவர்கள் நடந்தபோது நடந்தார். விழவில்லை, உட்காரவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. ஏறுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

மண் தள்ளி முடிந்தது. எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். சடையன் மட்டும் மாமனார் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, அடிவாரத்துலேர்ந்து எங்க வீட்டுக்கு வர்ற வழி, இப்ப நீங்க ஏறின ஏத்தத்துல பாதிகூட இல்லை."

அம்பலவாணர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அவை நடுங்காமல் நின்றன.

மெதுவாக நடந்து சேர வேண்டிய இடத்துக்குக் குறுக்கு வழி தேடுகிறவன், தன் கால் தேறிவிட்டதைக்கூட எல்லாம் போன பிறகுதான் அறிவான்.