ஐந்து புளியங்கொட்டைக் கனம்

வாழைச் சருகுக்குள் தலைகீழாகத் தொங்கியபடி, பொடிச்சி வௌவால் தன் குட்டி கடுகின் இறக்கையை நக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மனசு வேலையில் இல்லை. அன்று காலையில்தான் வாழைத்தாரை இறக்கினார்கள். இனி மரத்தையும் வெட்டிப் போட்டுவிடுவார்கள். அதற்குள் குட்டிக்கு ஒரு வீடு பார்த்தாக வேண்டும்.

ஆற்றோரத்து மருதமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாய்க் குடியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் கனம். பொடிச்சியோ கட்டைவிரல் நீளம். ஐந்து புளியங்கொட்டையைச் சேர்த்துவைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் அவள் கனம்.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் முதலில் ஓர் இளங்கிளையில் தொங்கிக் காட்ட வேண்டும். கிளை வளைகிறதைப் பார்த்துத்தான் மூத்தவள் கனகாம்பாள் இடம் சொல்லுவாள்.

அந்தி சாயும்போது குட்டியை மார்பில் ஒட்டவைத்துக்கொண்டு பொடிச்சி போய்த் தொங்கினாள். கிளை அசையக்கூட இல்லை.

"ஏம்மா, தொங்கிட்டியா, இனிமேதான் தொங்கப் போறியா?" என்றாள் கனகாம்பாள். அவளுக்குக் கண் கொஞ்சம் மங்கல். மரமே சிரித்தது.

பொடிச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கனம் இல்லாதவளுக்கு இங்கே இடம் இல்லை போலிருக்கிறது என்று தானாகவே முடிவுகட்டினாள். இதோ வந்துவிடுகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு இலை மறைவுக்குப் போனாள். அங்கே ஒரு கொழுத்த நத்தை இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து தொங்கினாள்.

இப்போது கிளை வளைந்தது.

கனகாம்பாள் அசந்துபோனாள். பார்த்தால் தெரியவில்லையே, நல்ல கனம்தான் என்று மெச்சி, அவளை அடிமரத்தை ஒட்டிய தடித்த கிளைக்கு அனுப்பினாள்.

பொடிச்சி பெருமையாகத் தவழ்ந்து போனாள். ஆனால் அந்தக் கிளை வழவழவென்று தூண் மாதிரி இருந்தது. அவளுடைய பொடி நகங்கள் எதைப் பிடிக்கும்? சறுக்கியது. கீழே ஆறு. கடுகு வீலென்று கத்தினான்.

நல்லவேளை, நத்தை பாதி உடம்பால் கிளையிலும் பாதி உடம்பால் அவள் முதுகிலும் ஒட்டிக்கொண்டது.

"நீ என்னைத் தூக்கிக்கிறேன்னுதானே கூட்டிட்டு வந்தே? இப்ப யாரு யாரைத் தூக்குறா தங்கச்சி?" என்றது நத்தை.

சத்தம் கேட்டு வந்த கனகாம்பாள், தன் பெரிய இறக்கையால் அவர்களைத் தாங்கி மேலே சேர்த்தாள். பொடிச்சி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடி அசடே! கிளையை வளைக்கிறவங்க அங்கேயே இருந்தா அது முறிஞ்சு விழுவாங்கன்னுதான் அந்தப் பரீட்சை. வளைக்காதவ எங்க வேணும்னாலும் இருந்துக்கலாம். கேக்கறதுக்கு வாய் இல்லையா உனக்கு?"

நத்தை இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அதன் ஓட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அடிமரத்தில் ஓரிடத்தில் பட்டை உரிந்து சுருண்டு நின்றது. அசல் வாழைச் சருகு மாதிரியே இருந்தது. பழந்தின்னிகளின் மூக்குகூட அதில் நுழையாது. கடுகு முதலில் புகுந்துகொண்டான்.

"சரி, உன் கனம்தான் எவ்வளவு?" என்று கேட்டாள் கனகாம்பாள்.

முதல் தடவையாகப் பொடிச்சி நிமிர்ந்து பதில் சொன்னாள். "அஞ்சு புளியங்கொட்டை அக்கா. மழையில நனைஞ்சா ஆறு. ஆனா ஒண்ணு, என்னை மாதிரி பொடிசா இருந்தாத்தான் இந்தப் பட்டைக்குள்ள..."

"அம்மா!" என்று உள்ளேயிருந்து கடுகு கூப்பிட்டான். பொடிச்சி பேச்சை அப்படியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள்.

தன் அளவைச் சொல்ல வெட்கப்படுகிறவர், வேண்டாத சுமையைத் தானே முதுகில் ஏற்றிக்கொள்கிறார்.