நாய்க்குக் காது குத்திய ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மேழியூர் நாட்டைக் கண்டிராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். சந்தோஷம் வந்தால் எதிரில் இருப்பவர் காதைப் பிடித்து ஆட்டுவான். கோபம் வந்தால் "கொல்லு" என்பான். இந்த இரண்டையும் தவிர அவனுக்கு வேறு ராஜாங்கம் தெரியாது. மற்றதையெல்லாம் மந்திரி பொன்பற்றியார் பார்த்துக்கொண்டார்.

அரண்மனையில் கருவாயன் என்று ஒரு நாய் இருந்தது. ராணி வெள்ளையம்மை அதைப் பால்சோறு ஊட்டி வளர்த்தாள். குட்டி இளவரசன் அதன் முதுகைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகினான். ஒருநாள் தொட்டிலுக்கு அடியில் வந்த பாம்பை அது கடித்துக் குதறிப் போட்டது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கருவாயனுக்கு என்ன மரியாதை செய்யலாம்?"

"நல்ல எலும்பாக ஒன்று போடலாம், மகாராஜா" என்றார் மந்திரி.

"எலும்பா? தளபதிகளுக்குச் செய்கிற மரியாதையை இவனுக்கும் செய்வேன்!"

அந்த நாட்டில் போரில் ஜெயித்தவருக்கு ராஜாவே மேல்காதில் துளை போட்டுப் பொன்வளையம் மாட்டுவது வழக்கம். மாட்டிய வளையத்தை ஒரு மண்டலம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் ராஜதுரோகம். மேளதாளத்தோடு நாய்க்குக் காது குத்தி, ஊருக்கெல்லாம் சுண்டல் கொடுத்தார்கள். அந்த வளையத்துக்காக வருஷக்கணக்கில் வாய்பார்த்துக் கிடந்த சிங்கப்பிள்ளை என்ற அரசவைப் பிரமுகரும் வயிற்றெரிச்சலோடு ஒரு கை வாங்கித் தின்றார்.

கொஞ்ச நாளில் கருவாயன் போக்கு மாறியது. குளிப்பாட்ட வந்தவனின் வேட்டியைக் கிழித்தது. ராஜா வழக்கம்போலக் காதைப் பிடித்து ஆட்டியபோது கையைக் கவ்விவிட்டது. அன்றைக்கே தவழ்ந்து வந்த இளவரசனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. ராணி பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

சிங்கப்பிள்ளைக்கு அதுவே போதுமாயிருந்தது. "வெறி, மகாராஜா! உப்பிட்ட கையையே கடிக்கிறதென்றால் வேறென்ன? மந்திரியார் கொடுக்கிற செல்லம்தான் காரணம்."

"கொல்லு" என்றான் ராஜா.

"நாளைக்கு முடித்துவிடலாம், மகாராஜா" என்றார் மந்திரி. நாயைக் காலியாகக் கிடந்த யானைக் கொட்டிலில் கட்டச் சொன்னார். யாரும் அடிக்கக்கூடாது, கிட்டே போய்க் கொஞ்சவும் கூடாது, சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று கட்டளை போட்டார். பிறகு தள்ளி நின்று அவரே கவனித்தார். நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே நின்றது. அந்தக் காதை ஈ மொய்த்தது. தலையைச் சுவரில் தேய்க்கப் போய், உடனே முனகிக்கொண்டு விலகியது.

ராணி வந்து கேட்டாள்: "வெறிதானா, மந்திரியாரே?"

"வெறியில்லை, தாயே. காதில் புண். ராஜா போட்ட மரியாதையால் வந்த புண் என்று நான் சொன்னால், நாய்க்கு முன்னால் என் தலை போகும்."

"எப்படியாவது அவனைக் காப்பாற்றுங்கள். ஆனால் குழந்தையை அவன் பக்கம் விடமாட்டேன்."

"விடவும் கூடாது" என்றார் மந்திரி.

மறுநாள் சபையில் அவர் எழுந்தார். "மகாராஜா, நாயின் குணக்கேட்டைக் கண்டுபிடித்துச் சொன்ன சிங்கப்பிள்ளைக்கு ஒரு வளையம் மாட்ட வேண்டாமா? நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கொலை கூடாது. நாயின் கணக்கை அடுத்த வாரம் முடித்துக்கொள்ளலாம்."

ராஜாவுக்குச் சந்தோஷம். சிங்கப்பிள்ளைக்கு அதைவிடச் சந்தோஷம். நாய்க்குக் குத்திய அதே ஊசி, அதே மேளம், அதே சுண்டல்.

அடுத்த வாரம் ஈட்டிக்காரன் வந்து நின்றபோது சிங்கப்பிள்ளையின் காது பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்திருந்தார். மந்திரி மெதுவாக எடுத்துக்கொடுத்தார்: "நாயைக் கொல்லுமுன் பிள்ளைவாளை ஒரு வார்த்தை பாராட்டுங்கள், மகாராஜா."

"அடடே, மறந்துவிட்டேனே!" ராஜா இறங்கி வந்து, தலைப்பாகையைத் தள்ளி, காதைப் பிடித்து ஆட்டினான்.

"ஐயோ! விடுடா பாவி!" என்று அலறி, சிங்கப்பிள்ளை ராஜாவின் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

ஈட்டிக்காரன் சிங்கப்பிள்ளை பக்கம் திரும்பினான்.

"பிள்ளைவாளுக்கும் வெறி பிடித்துவிட்டது" என்றார் மந்திரி. "ஈட்டிக்காரனுக்கு இன்றைக்கு இரட்டை வேலை."

"வெறியில்லை, மகாராஜா! வலி! உயிர் போகிற வலி!"

"அதற்காக உப்பிட்ட கையையே அடிப்பதா?" என்று கேட்டார் மந்திரி.

"வலிக்கும்போது எந்தக் கை என்றா பார்க்க முடியும்?" என்று அழுதேவிட்டார் சிங்கப்பிள்ளை.

"கருவாயன் சொன்னதும் இதுதான், மகாராஜா. அவனுக்குப் பேச வராது. அதனால் பல்லால் சொன்னான்."

ராஜா கொட்டிலுக்கு நடந்தான். கம்பளியைப் போர்த்தி இரண்டு பேர் நாயை அமுக்கிப் பிடித்தார்கள்; துணியால் அதன் வாயைக் கட்டினார்கள். ராஜா தானே வளையத்தைக் கழற்றினான். சீழ் வழிந்து அவன் விரலெல்லாம் நனைந்தது. தான் செய்ததைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும், கேளும்."

"இந்த வழக்கத்தை எடுத்துவிடுங்கள். பிள்ளைவாளுடையதையும் இப்போதே கழற்றிவிடுங்கள். அவர் காதும் காதுதானே!"

அப்படியே ஆயிற்று. அன்றிலிருந்து சிங்கப்பிள்ளை கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் புண் ஆறியதும் கருவாயனை முற்றத்துக்கு அழைத்து வந்தார்கள். ராஜா கறிச்சோற்றுத் தட்டோடு தரையில் உட்கார்ந்து கூப்பிட்டான். நாய் அவனைப் பார்த்தது. சுற்றிக்கொண்டு போய் ராணியின் காலடியில் படுத்தது. அவளும் இடுப்பிலிருந்த குழந்தையை இன்னும் கீழே விடவில்லை.

மறுபடியும் "கொல்லு" என்பானோ என்று எல்லாரும் ராஜாவின் வாயைப் பார்த்தார்கள்.

கண்டிராயன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"நாளைக்கும் வருகிறேன்" என்று நாயிடம் சொல்லிவிட்டுப் போனான்.