அப்பா பிடித்த ஷெல்கள்

ஆலகால நஞ்சை உண்டும் அதை ஊரெங்கும் சொல்லித் திரியாத நீலகண்டப் பெருமானை முதலில் வணங்குவோம். அந்த அடக்கம் துளசிகாவுக்கு வாய்க்கவில்லை. அவளுக்கு வயது எட்டு.

பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் மூடிய பதுங்குகுழியில் துளசிகாவும் அவள் தாயும் அயலவருமாய் ஒன்பது பேர் முழங்காலைக் கட்டியபடி இருந்தனர். அரிசி எடுக்க வீட்டுக்குப் போன அவள் தந்தை கதிர்காமநாதன் இன்னும் திரும்பவில்லை. தொலைவில் பீரங்கி ஷெல்லைக் குத்தி ஏவும் ஓசை எழுந்ததும் பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள்; பதினெட்டுக்குள் அது எங்கேனும் விழுந்து வெடிக்கும். அக்குழியில் அவர்கள் கற்ற வாய்பாடு அதுவே.

இம்முறை முப்பது எண்ணியும் வெடிக்கவில்லை.

"அப்பா பிடிச்சிட்டார்," என்றாள் துளசிகா.

"என்னத்தை?" என்றான் பக்கத்து வீட்டு நிரோஜன். பன்னிரண்டு வயது, எதையும் நம்பாத வயது.

"ஷெல்லைத்தான். ஒற்றைக் கையாலை. மற்றக் கையிலை அரிசி மூட்டையெல்லோ!"

"சுடாதோ?"

"சுடும். அதுதான் கிணத்துக்கை போடுறவர். அம்மா இப்ப அடுப்பு மூட்டுறேல்லை. கிணத்திலை அள்ளி அப்பிடியே தேத்தண்ணி போடுறவ."

"புளுகாதையடி! பிளேன் வந்தால்?"

"போன கிழமை வந்தது. அப்பா தோளிலை கிடந்த துவாயை வீசிப் பிடிச்சு, 'பிள்ளை படிக்குது, சத்தம் போடாதை' எண்டு பேசினவர். ஓட்டினவன் மன்னிப்புக் கேட்டு, காத்துப்போன சைக்கிள் மாதிரி உருட்டிக்கொண்டு போனவன்."

இரண்டு நாளாய்ச் சிரிக்காத பெரியவர்களும் சிரித்தனர். அவளுக்கு அது போதுமாயிற்று.

"நேற்று ரெண்டு பக்கத்து ஆமிக்காரரும் சேர்ந்து வந்து, 'அண்ணை, நீங்கள் இப்பிடிப் பிடிச்சால் நாங்கள் என்னெண்டு சண்டை பிடிக்கிறது?' எண்டு அழுதவை!"

மீண்டும் குத்தும் ஓசை. பதினொன்றில் நிலம் அதிர்ந்து, கூரைமண் தலைகளில் உதிர்ந்தது. வெடித்தது அவள் வீட்டுப் பக்கம்.

"இது?" என்றான் நிரோஜன்.

துளசிகா தாயின் பக்கம் நகர்ந்தாள். தாயும் மகளும் கை கோத்திருந்தனர்.

நெடுநேரம் கழித்துக் கதிர்காமநாதன் தவழ்ந்து உள்ளே வந்தார். தலையெல்லாம் செங்கல் தூள். கையில் அரிசி இல்லை.

"மாமா, நீங்கள் ஷெல் பிடிப்பீங்களாம். துளசிகா சொல்லுறாள்," என்றான் நிரோஜன்.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் தம்பி. இண்டைக்கு ஒண்டு வழுக்கிட்டுது. அது எங்கட வீட்டிலை விழுந்திட்டுது."

இதைக் கேட்ட உங்கள் இல்லங்களிலிருந்து புறப்பட்டவர் யாவரும், வெறுங்கையோடேனும், திரும்பி வரச் சிவன் அருள்வானாக.