கண்ணாடி அசையக் கூடாது

ஒட்டம்புளியில் முட்டாள்களுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனாலும் மொக்கையனையும் அவன் மைத்துனர்கள் சிவனாண்டி, கொண்டல்சாமி இருவரையும் ஊரார் தனியாக ஒதுக்கி வைத்துத்தான் பேசுவார்கள். மற்றவர்கள் யோசிக்காமல் முட்டாள்தனம் செய்பவர்கள். இந்த மூவரும் உட்கார்ந்து, கூடிப் பேசி, ஒருமனதாக முடிவெடுத்துச் செய்வார்கள்.

மூவருக்கும் கூட்டாக ஒரு பழைய வேன் இருந்தது. மூக்கே இல்லாமல், சுவர் மாதிரித் தட்டையான முகம். மொக்கையனின் மகள் பேச்சிக்கு வெள்ளிக்கிழமை நெட்டூரணியில், மாப்பிள்ளை ஊரில், கல்யாணம். நெட்டூரணிக்குப் பஸ் கிடையாது. பெண்ணையும் சொந்தக்காரர்களையும் அந்த வேன்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

புதன்கிழமை காலை கோயில் பூசாரி, வண்டிக்கு முன்னாடி ஒரு தேங்காய் உடைத்துவிடுங்கள் என்றார். வண்டியின் முன்னாடி எது என்று மூவரும் கால் மணி நேரம் ஆராய்ந்தார்கள். மனிதனுக்கு முன்பக்கம் முகம், வேனுக்கு முகம் கண்ணாடி என்று சிவனாண்டி கண்டுபிடித்தான். ஓங்கி எறிந்தான். தேங்காய் உடையவில்லை. கண்ணாடி இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் விரிசல் விட்டது. மொக்கையன் தேங்காயை எடுத்து ஆட்டிப் பார்த்து, நல்ல கெட்டியான காய் என்று பாராட்டினான்.

டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மைதீன் பாய்க்குப் போன் போட்டார்கள். அவ்வளவு பழைய வண்டிக்கு ரெடிமேடாகக் கண்ணாடி கிடைக்காது, அளவுக்கு வெட்டித் தருகிறேன் என்றார் அவர். விரிசல் விட்ட கண்ணாடியோடு வண்டியை ஓட்டி வர வேண்டாம், ஓர் அட்டையில் உள்ளது உள்ளபடி வரைந்து எடுத்து வாருங்கள் என்றும் சொன்னார்.

அன்று முழுவதும் கொண்டல்சாமி வரைந்தான். மறுநாள் காலை மைதீன் பாய் அட்டையை விரித்தார். மூலைக்கு மூலை ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடியது. பக்கத்தில் மூன்று திட்டுகள். கோடு என்ன என்று கேட்டார். விரிசல் என்றான் கொண்டல்சாமி. திட்டு என்ன என்று கேட்டார். காக்கை எச்சம்.

பாய் அட்டையை மடித்து வைத்தார். பிறகு, விரிசல் இல்லாமலே வெட்டித் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். மூவரும் தள்ளிப் போய் நின்று ஆலோசித்தார்கள்.

"விரிசல் இல்லேன்னா அந்த இடத்துல என்ன இருக்கும்?" என்று சிவனாண்டி கேட்டான்.

"அங்கேயும் கண்ணாடிதான் இருக்கும்" என்றான் கொண்டல்சாமி.

"அப்போ நமக்குத்தான் லாபம். வாயைத் திறக்காதீங்க" என்றான் மொக்கையன்.

கண்ணாடி பொருத்துகிற ஆள் அன்றைக்கு லீவு. நீங்களே செய்துகொள்ளலாம் என்று பாய் ஒரு டப்பா கறுப்புப் பசையைக் கொடுத்தார். விளிம்பு முழுக்கப் பசையைத் தடவி, கண்ணாடியை நேராக நிறுத்தி, நன்றாக அழுத்துங்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் கண்ணாடி அசையவே கூடாது என்றார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தலைக்குள் ஏதாவது வைத்திருப்பவர்களிடம் அதைச் சொல்லத் தேவையில்லை. கடைசியாக, பூ மாதிரிக் கொண்டு போங்கள் என்று வழியனுப்பினார்.

பஸ்ஸில் ஈரத் துணி போர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் தெளித்துக் கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். வாடாமல் வந்து சேர்ந்தது.

பழைய கண்ணாடியை எடுப்பதில் சிரமம் இல்லை. மூவரும் வேனுக்குள் உட்கார்ந்து ஒன்றாக உதைத்தார்கள். அவர்கள் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதனால் சரியாக நடந்தது. புதுக் கண்ணாடியின் விளிம்பில் பசையும் தடவியாயிற்று. அப்போதுதான் சிவனாண்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மச்சான், கண்ணாடி ஒரு நாள் அசையக் கூடாது. ஆனா வேன் விடிஞ்சதும் கிளம்பணும். வேன் அசைஞ்சா கண்ணாடி அசையாதா?"

மொக்கையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மகள் கல்யாணம் நின்றுபோகும் போலிருந்தது. கொண்டல்சாமிதான் வழி சொன்னான். "அசையிறது வேன். அசையக் கூடாதது கண்ணாடி. ரெண்டையும் எதுக்கு ஒண்ணா வைக்கணும்?"

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. குடும்பத்தில் இப்படியொரு மூளை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே. மொக்கையன் வீட்டு வாசற்கதவை ஒட்டி ஓர் அகலமான ஜன்னல் உண்டு. அதன் சட்டத்தின் மேல் வெளிப்பக்கமாகக் கண்ணாடியை நேராக நிறுத்தி, பாய் சொன்னபடி நன்றாக அழுத்திவிட்டுத் தூங்கப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, முன்பக்கம் திறந்தபடி வேன் கிளம்பியது. பேச்சி விடியுமுன்னே எழுந்து பூ வைத்துப் பின்னிய சடை, ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவிழ்ந்தது. பூவெல்லாம் பின்சீட்டுப் பெரியவர்கள் மடியில் போய் விழுந்தது. காற்று தாங்காமல் மொக்கையன் முன்னால் ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். குடை விரித்தால் சாலை தெரியவில்லை. அதனால் சிவனாண்டி பக்கவாட்டில் தலையை நீட்டி, எருமை வருகிறது, பள்ளம் வருகிறது என்று அறிவித்தபடி வந்தான். எருமை வந்தது. பள்ளமும் வந்தது. அறிவிப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பிறகு வந்தது.

முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். செம்மண் அப்பிய பெண்ணைப் பார்த்துச் சம்பந்தியம்மாள் இது யார் என்று கேட்டாள். "நான்தான் அத்தே, பேச்சி" என்ற பேச்சி, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகம் கழுவப் போனாள். மாப்பிள்ளை சுடலைராசு வாயைத் திறக்கவில்லை. தாலியைக் கட்டினான். நல்ல அடக்கமான பையன் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மறுவீட்டு விருந்து. காலையிலேயே மூவரும் கண்ணாடியை எடுத்து வேனில் மாட்டப் போனார்கள். இழுத்தார்கள். கண்ணாடி வரவில்லை. கம்பி கொடுத்து நெம்பினார்கள். ஜன்னல் ஆடியது, கண்ணாடி ஆடவில்லை. பாய் கொடுத்த பசை அப்படி.

மொக்கையன் சோர்ந்துபோனான். கொண்டல்சாமி சோரவில்லை.

"கண்ணாடி உறுதியாத்தான் இருக்கு மச்சான். அதை நாம தொடவே வேண்டாம். இனிமே வேனைக் கொண்டுபோய் அதுல மாட்ட வேண்டியதுதான்."

மிச்சப் பசையை வேனின் வெற்றுச் சட்டத்தில் தடவினார்கள். மொக்கையன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். மற்ற இருவரும் பின்னாலிருந்து அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். ஜன்னலும் வேனின் முகமும் ஒரே உயரம். இந்த மாதிரிச் சமயங்களில் கடவுள் முட்டாள்களுக்கு எந்தக் குறையும் வைப்பதில்லை. மெத்தென்று போய் ஒட்டிக்கொண்டது. வேனின் முகம் ஜன்னலை அடைத்தது, அதன் ஓரம் வெளிப்பக்கம் திறக்கும் வாசற்கதவை அடைத்தது. அந்த வீட்டுக்கு வேறு கதவு கிடையாது. உள்ளே மொக்கையனின் மனைவி விருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்க முடியாமல் அவள் போட்ட சத்தத்துக்கு, நாளைக் காலை வரைக்கும் வண்டி அசையக் கூடாது என்று மொக்கையன் வெளியிலிருந்து விளக்கம் சொன்னான்.

பேச்சியும் சுடலைராசுவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பேச்சி வேனைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். திரும்பிப் போய் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டாள். மொக்கையன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வேனில் ஏற்றி, டிரைவர் சீட்டில் உட்காரவைத்தான். இங்கேயிருந்து பார்த்தால் வீடு முழுவதும் தெரியும் என்றான். உண்மைதான். புதுக் கண்ணாடி வழியாகக் கூடம் பளிச்சென்று தெரிந்தது. இலை போட்டிருந்தது. பாயசத்தில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

சுடலைராசு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"மாமா, ஹாரன் எது? அடிச்சா வீடு கொஞ்சம் ஒதுங்கிக்கும்ல."

மொக்கையன் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தான். தன் மகள் போய்ச் சேர்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட இடம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. நெஞ்சு நிறைந்து ஹாரனைக் காட்டினான். சுடலைராசு விடாமல் அடித்தான். தெருவில் நாய்கள் ஒதுங்கின, கோழிகள் ஒதுங்கின. வீடு நகரவில்லை.

மொக்கையன் சங்கடத்தோடு மாப்பிள்ளையின் காதருகே குனிந்து சொன்னான்.

"பழைய வீடு மாப்பிள்ளை. காது கொஞ்சம் மந்தம்."