கரடி செய்த சேதிப்பெட்டி

மலையடிவாரக் காட்டில் வெள்ளையப்பன் என்றொரு கரடி இருந்தது. அடுப்புக்கரி நிறத்தில் இருந்த அதற்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவர்களைத்தான் கேட்க வேண்டும்! ஆனால் கைவேலையில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டுப்போன மரத்தைக் குடைந்து, கதவு வைத்து, அது செய்த சேதிப்பெட்டிகள்தான் காட்டுப் பாதைகள் சந்திக்கும் இடமெல்லாம் நின்றன.

சேதிப்பெட்டி என்றால் வேறொன்றுமில்லை. தாகத்தோடு வரும் மிருகம் பெட்டியின் முன்னால் நின்று, "தண்ணி எங்கே?" என்று கேட்கும். உள்ளே இருக்கும் காக்கை, "வடக்கே, பாறைக்குட்டையில!" என்று பதில் சொல்லும். பெட்டி கரடியுடையது. உள்ளே இருக்கும் மூளை காக்கையுடையது. கூலியாக இரை வாங்கிக்கொண்டு அந்தக் காக்கைகளை அனுப்பி வைப்பது கோணக்கண்ணன் என்ற அண்டங்காக்கை.

அந்த வருஷம் வந்த கோடை பொல்லாத கோடை. ஓடைகள் வற்றிவிட்டன. இன்று தண்ணீர் கிடந்த குட்டையில் நாளைக்கு வெறும் சேறுதான். ஒரு தப்பான பதில் போதும்! குட்டிகளை இழுத்துக்கொண்டு காய்ந்த குட்டைக்குப் போய், திரும்பத் தெம்பில்லாமல் அங்கேயே விழ வேண்டியதுதான். அதனால் எல்லாப் பெட்டிகளின் முன்னாலும் கூட்டம் முண்டியடித்தது.

காக்கைகளோ பாவம், காலையில் ஒரு சுற்றுப் பறந்து பார்த்ததை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பதில் சொல்லும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் சொல்லும். உச்சி வெயிலில் பெட்டி சூடேறியதும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் யார் கத்தினாலும் பதில் வராது.

வெள்ளையப்பன் கோணக்கண்ணனிடம் ஓடியது.

"அண்ணே, பெட்டிக்கு இன்னும் நாலு காக்கை கொடுங்க! கூட்டம் தாங்கலை!"

"அடுத்த பருவத்துல பார்க்கலாம்," என்றது கோணக்கண்ணன், சிறகைக் கோதிக்கொண்டே. "அதுக்கும் இனிமே இரை ரெண்டு பங்கு."

"இப்பவே தவிக்குதுங்களே, அண்ணே!"

"இஷ்டமிருந்தா வெச்சுக்கோ, இல்லேன்னா விட்டுடு. என்னை விட்டா உனக்கு யாரு இருக்கா?"

கரடிக்குச் சுருக்கென்று தைத்தது. முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தது. செங்குத்துப் பாறையில் தேனீக்கூட்டம் ஒன்று அதன் கண்ணில் பட்டது. நூற்றுக்கணக்கான தேனீக்கள் எங்கிருந்தோ தண்ணீர் எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. கூட்டின் வாசலில் சில நின்று சிறகால் விசிறிக்கொண்டிருந்தன. கூடு குளுகுளுவென்று இருந்தது!

"அடடா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டது கரடி. "இதுக்குப் போயா இவ்வளவு நாள் காக்கையைக் கெஞ்சினேன்!"

விறுவிறுவென்று பாறையில் ஏறியது. ஏறியதும் கூட்டுக்குள் ஒரே கூச்சல்.

"கரடி வந்துட்டான்! கரடி வந்துட்டான்! கொட்டுங்கடி!"

"ஐயோ, தேனுக்கு வரலை!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அலறியது வெள்ளையப்பன். "வேலை கொடுக்க வந்தேன்!"

"கரடி வேலை கொடுக்குதாம்! கொட்டுங்கடி நல்லா!"

"கொட்டிட்டாவது கேளுங்க, ராணியம்மா!"

ராணித்தேனீ மதுரவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரடி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னது. "என் பெட்டி ஒவ்வொண்ணும் உங்களுக்குக் கூடு. மழைக்கு நனையாது, காத்துக்கு ஆடாது. நீங்க எங்கே தண்ணி இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சொல்லலாம். எங்க தேனை என்ன பண்ணுவே?"

"ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டேன்."

"நாக்கு ஊறாதா?"

"ஊறும்," என்று ஒப்புக்கொண்டது கரடி. "அடக்கிக்கறேன்."

சோதனையும் நடந்தது. ஒரு தேனீ பறந்து போய்த் திரும்பியது. நிமிர்ந்து நின்ற தேனடையின் மேல் வாலை ஆட்டி ஆட்டி ஓடிக் காட்டியது. கரடி ஒரு பார்வைதான் பார்த்தது. "கிழக்கே! இலந்தைக் காட்டுக்கு அந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டு ஓடியது. அங்கே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர்! வெள்ளையப்பன் குதித்த குதியில் கரையிலிருந்த தவளையெல்லாம் உள்ளே பாய்ந்தன.

அன்றைக்கே காக்கைகளுக்கு விடைகொடுத்தாயிற்று. எல்லாப் பெட்டியிலும் தேனீக்கள் குடியேறின. "பார்க்கத்தானே போறேன்," என்று சொல்லிவிட்டுக் கோணக்கண்ணன் ஒரு கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை. மானும் பன்றியும் யானையும் பெட்டிகளைச் சுற்றி நெருக்கியடித்தன. எல்லாருக்கும் முன்னால் நீலாயி என்ற காட்டெருமை நின்றது. அதன் கன்று நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நிற்க முடியாமல் தாயின் காலில் சாய்ந்திருந்தது.

"தண்ணி எங்கே?" என்று கேட்டது நீலாயி.

வெள்ளையப்பன் கதவைப் படாரென்று திறந்தது. "பாருங்க!"

தேனடையின் மேல் தேனீக்கள் ஆடின. கரடிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எவ்வளவு சீக்கிரம் பார்த்தீங்களா! கேட்டு முடிக்கலை, பதில் வந்துருச்சு!"

நீலாயி தலையை நீட்டி அடையை உற்றுப் பார்த்தது.

"ஆடுதுங்க, பார்த்தோம்," என்றது நீலாயி. "பதில் எங்கே?"

"அதுதான் பதில்!"

"எது?"

"அட, அந்த ஆட்டம்தான்! கண்ணுக்கு முன்னாலயே இருக்கே!"

"எங்களுக்கு ஈ ஆடுற மாதிரிதான் இருக்கு!"

கிளையில் உட்கார்ந்திருந்த கோணக்கண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தது.

அப்போதுதான் கரடிக்கு உறைத்தது. குட்டியாக இருந்த நாளிலிருந்து தேன் திருடுவதற்காகத் தேனீக்களின் பின்னாலேயே திரிந்த ஜென்மம் அது! அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து அதற்குப் பேச்சு மாதிரி பழகிவிட்டது. மானுக்கு என்ன தெரியும்? எருமைக்கு என்ன தெரியும்? சோதனை செய்தபோது கேட்டதும் அதுதான், பதிலைப் புரிந்துகொண்டதும் அதுதான். வேறு ஒருவரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டவில்லை. வெட்கத்தில் அதன் காது இரண்டும் தொங்கிப்போயின.

"வாங்கடா, பழைய பாறைக்குட்டைக்கே போவோம்!" என்று பன்றிக்கூட்டம் வடக்கே கிளம்பியது.

"ஐயோ, போகாதீங்க! அது வத்திப்போச்சு! ஒரு தேனீகூட அந்தப் பக்கம் காட்டலை!" என்று குறுக்கே விழுந்து மறித்தது வெள்ளையப்பன். "இருங்க, நானே சொல்றேன்! கிழக்கே போங்க!"

ஒரு பெட்டிக்குப் பதில் சொன்னால் அடுத்த பெட்டியில் கூச்சல். அங்கே ஓடினால் இன்னொரு பெட்டியில் கூச்சல். கரடி ஒவ்வொரு பெட்டியாக ஓடி ஓடிக் கத்தியது. கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது. சொல்ல ஆள் ஒன்று, கேட்க ஆள் காடு முழுக்க! இதற்கு அந்தக் காக்கைகளே தேவலை போலிருந்தது.

இதற்குள் நீலாயியின் கன்று முழங்கால் மடிந்து கீழே உட்கார்ந்துவிட்டது.

"எங்களுக்கும் சொல்லிக் கொடு!" என்று கத்தியது நீலாயி. "இன்னிக்கு நீ சொல்லுவே, நான் போயிடுவேன். நாளைக்கு உனக்கு உடம்பு முடியலேன்னா என் பிள்ளை சாகணுமா?"

"அது வந்து... அடையில மேலே பார்த்து ஆடினா சூரியன் இருக்கிற பக்கம். அதுலேருந்து எவ்வளவு சாயுதோ, சூரியன்லேருந்து அவ்வளவு தள்ளி..."

"ஒரு மண்ணும் புரியலை!" என்று எல்லாம் ஒன்றாகக் கத்தின.

வெள்ளையப்பன் தலையைப் பிய்த்துக்கொண்டது. தேனடையைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. தரையைப் பார்த்தது. சட்டென்று குனிந்து பெட்டிக்குள் தலையை விட்டது.

"ராணியம்மா! நிமிர்ந்து நிக்கிற அடையில ஆடாம, வெயில்ல, தரையோட படுத்திருக்கிற பலகை மேல ஆடினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? தலை நேரா தண்ணி இருக்கிற பக்கமே திரும்பும்," என்றது மதுரவல்லி.

"அதுதான் வேணும்! அதேதான் வேணும்!"

கரடி கதவை ஒரே இழுப்பில் பிடுங்கியது. வாசலில் அதைப் படுக்கப் போட்டு, அடியில் கல் கொடுத்து ஆடாமல் நிறுத்தியது. தேனீ வெளியே வந்தது. பலகையின் மேல் ஆடியது. அதன் தலை நேராகக் கிழக்கே திரும்பி நின்றது!

"அந்தப் பக்கம்!" என்று அலறியது நீலாயி. "கிழக்கே! எனக்கே தெரியுது!"

"கொஞ்ச நேரம் வாலை ஆட்டினா தண்ணி கிட்டக்க, ரொம்ப நேரம் ஆட்டினா தூரம்!" என்று கட்டிய தொண்டையில் கீச்சிட்டது கரடி. "இவ்வளவுதான்! வேற ஒண்ணுமில்லை!"

அப்புறம் கேட்க வேண்டுமா! கரடி பெட்டி பெட்டியாக ஓடிக் கதவுகளைப் பிடுங்கிப் பலகை போட்டது. ஒரு பலகையைச் சுற்றி முப்பது மிருகங்கள் நின்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பதில்! முண்டலும் இல்லை, மோதலும் இல்லை. பன்றிகள் பார்த்தன, கிழக்கே திரும்பின. யானைகள் பார்த்தன, தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டு கிளம்பின. கடைசியில் கோணக்கண்ணனும் கிளையிலிருந்து இறங்கி வந்து, தலையைச் சாய்த்துப் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் கிழக்கே பறந்தது. அதற்கும் தாகம்தானே!

நீலாயியின் கன்றைக் கரடியே முதுகில் சுமந்துகொண்டு போனது. இலந்தைக் காட்டைத் தாண்டியதும் தண்ணீர் பளபளத்தது. கன்று தண்ணீரில் படுத்தபடியே மூச்சு விடாமல் குடித்தது. குடித்து முடித்ததும் எழுந்து நின்று, கரடியின் முகத்தில் தும்மியது. கரையில் நின்ற அத்தனை மிருகங்களும் ஆரவாரம் செய்தன. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல ஆளுங்களைத்தான் கொண்டுவந்திருக்கே," என்றது நீலாயி. "ஆனா இனிமே எதை மாத்தினாலும் முதல்ல எங்ககிட்ட ஒரு தரம் காட்டு. பெட்டி முன்னால வந்து நிக்கறது நாங்கதானே!"

"தப்புதான், தாயி," என்றது வெள்ளையப்பன். "கட்டாயம் காட்டறேன்."

ஒரு பொருளின் உள்ளே இருப்பதை எவ்வளவு நல்லதாக மாற்றினாலும், அதை நம்பி வெளியே நிற்பவருக்குப் புரிந்து பயன்பட்டால்தான் அந்த மாற்றம் நல்ல மாற்றம்.